வெளிநாட்டில் விலை, ஊரில் தும்புத்தடி: வடக்கின் புலிமுகச் சிலந்தி யாருடையது?

2009 ஒக்ரோபர். செட்டிக்குளம் மெனிக் பாம் முகாம்களில் ஒரு இலட்சத்துக்கும் அதிகமான வன்னி மக்கள் இன்னமும் முட்கம்பிகளுக்குள் இருந்த காலம். அந்த மாதத்தில்தான் வடக்கில் ஆய்வு செய்துகொண்டிருந்த உயிரியலாளர் குழுவொன்றிடம் கிராமவாசி ஒருவர் இறந்துபோன ஆண் சிலந்தி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளங்கையை விடப் பெரிய சிலந்தி. குழுவினர் தொடர்ந்து தேடினார்கள். மாங்குளம் வைத்தியசாலையின் பழைய வைத்தியர் விடுதியில் அதே இனத்தின் பெண் சிலந்திகளையும் குஞ்சுகளையும் கண்டார்கள். 2012 டிசம்பரில் பிரித்தானிய தரந்துலா சங்கத்தின் சஞ்சிகையில் அது புதிய இனமாக அறிவிக்கப்பட்டது. பெயர் பீசிலோதீரியா ராஜேய். காலை விரித்தால் 20 சென்ரிமீற்றர் வரை. காலில் மஞ்சளும் சாம்பலும் கலந்த கோலம், வயிற்றின் அடியில் இளஞ்சிவப்புப் பட்டை.

போர் முடிந்த வடக்கில் தங்களுக்கு வழிகாட்டிய மூத்த பொலிஸ் அதிகாரி ஒருவரின் பெயரையே ஆய்வாளர்கள் அதற்குச் சூட்டினார்கள். முதற் சிலந்தியைக் கொண்டுவந்தவர் உலகச் செய்திகளில் 'ஒரு கிராமவாசி' மட்டுமே. உதவியவருக்கு நன்றி சொல்வது அறிவியல் மரபு, அதில் குறை காண வேண்டியதில்லை. ஆனால் அதன் பின் அந்தச் சிலந்தி எங்கே பேசப்பட்டது, எங்கே பேசப்படவில்லை என்று பார்த்தால் வடக்கின் இன்றைய நிலை பற்றிச் சில விடயங்கள் தெரியவரும்.

2013இல் மேற்குலக ஊடகங்கள் அதை 'முகத்தளவு சிலந்தி' என்று கொண்டாடின. விசித்திர உயிரினங்களைக் கண்ணாடிப் பெட்டிகளில் வளர்ப்போர் அந்தச் செய்தியை ஆவலோடு படித்தார்கள். மாங்குளத்திலோ, அது வீட்டுச் சுவரில் ஏறினால் தும்புத்தடியால் அடித்துக் கொல்லப்படும் 'புலிமுகச் சிலந்தி'யாகவே இருந்தது, இருக்கிறது.

அங்கே ஆடம்பரம், இங்கே அச்சம்

பீசிலோதீரியா என்ற பேரினத்துச் சிலந்திகள் உலகில் இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே உண்டு. சிங்களத்தில் 'திவி மகுளுவா', அதாவது சிறுத்தைச் சிலந்தி. மண்ணுக்குள் வளை தோண்டி வாழும் பல தரந்துலாக்களைப் போலன்றி இவை மரத்தில் வாழ்பவை. முதிர்ந்த மரங்களின் பொந்துகளும் பட்டை வெடிப்புகளும்தான் இவற்றின் வீடு. பெண் சிலந்தி பத்து ஆண்டுகளுக்கு மேலும் வாழும். ஆண் பருவமடைந்த பின் அதிக காலம் நிலைக்காது.

இந்த அழகும் அரிதும்தான் சந்தையை உருவாக்குகின்றன. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் தரந்துலா, பாம்பு, பல்லி வளர்ப்பது பெரிய பொழுதுபோக்கு. குஞ்சுச் சிலந்திகள் சிறு பிளாஸ்ரிக் குப்பிகளில் தபாலில் கைமாறும். 2022இல் வெளியான ஆய்வொன்று, இணையத்திலும் வர்த்தகப் பதிவுகளிலும் 1,200க்கும் அதிகமான சிலந்தி, தேள் வகை இனங்கள் விற்பனையில் இருப்பதைக் கண்டறிந்தது. ஊர்வனவற்றில் மூன்றில் ஒன்றுக்கு மேற்பட்ட இனங்கள் வர்த்தகத்தில் உள்ளதாக 2020இல் வெளியான இன்னொரு ஆய்வு கூறியது. ஒரு இனம் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டுப் பெயர் பெறும் நாளிலேயே அதற்கான தேவையும் தொடங்கிவிடுகிறது.

தாங்கள் வாங்குவது கூண்டில் பிறந்த குஞ்சுகளையே, காட்டுக்கு இதனால் பாதிப்பில்லை என்று வளர்ப்போர் சொல்வார்கள். இதில் ஓரளவு உண்மை உண்டு. ஒரு முட்டைப் பொதியிலிருந்து பல டசின் குஞ்சுகள் வரும். ஆனால் அந்தப் பரம்பரையின் முதற் தாய் ஏதோ ஒரு காட்டிலிருந்து, யாரோ ஒருவரின் பெட்டியில்தான் போயிருக்க வேண்டும். இலங்கையிலிருந்து வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியின்றி எந்தக் காட்டுயிரையும் ஏற்றுமதி செய்ய 1937ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இடமளிப்பதில்லை. அப்படியிருந்தும் இலங்கைக்கே உரிய சிலந்திகள் பல தசாப்தங்களாக வெளிநாட்டுச் சந்தைகளில் கிடைக்கின்றன. முதற் தாய்கள் எப்படி வெளியேறின என்ற கேள்விக்கு அந்தச் சந்தையில் பதில் கிடைப்பதில்லை.

சட்டம் எங்கே காவல் காக்கிறது?

சர்வதேச மட்டத்தில் கதவு ஓரளவு அடைக்கப்பட்டிருக்கிறது. இலங்கையில் வாழும் ஐந்து பீசிலோதீரியா இனங்களை 2018இல் அமெரிக்கா அழிவபாயப் பட்டியலில் சேர்த்தது. அடுத்த ஆண்டு, அழிவை எதிர்நோக்கும் உயிரினங்களின் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் 18ஆவது மாநாடு கொழும்பில் நடக்கவிருந்தது. உயிர்த்த ஞாயிறு குண்டுத்தாக்குதல்களால் அது ஓகஸ்டில் ஜெனீவாவில் நடந்தது. பீசிலோதீரியா பேரினம் முழுவதும் அங்கே இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அனுமதிப் பத்திரம் இல்லாத சர்வதேச வர்த்தகம் அதனால் சட்டவிரோதமானது. இலங்கையின் கொம்புப் பல்லிகளும் பாதுகாப்புப் பெற்றன. நட்சத்திர ஆமை வர்த்தகத்துக்கு முற்றாகத் தடை விதிக்கும் முதலாம் பட்டியலுக்கு உயர்த்தப்பட்டது.

உள்நாட்டிலும் ஒரு பெரிய தீர்ப்பு வந்தது. யால தேசிய பூங்காவில் வண்ணத்துப்பூச்சிகளையும் வேறு பூச்சிகளையும் போத்தல்களில் சேகரித்துக்கொண்டிருந்த இத்தாலியத் தந்தையும் மகனும் பிடிபட்டனர். 2024 செப்டெம்பரில் நீதிமன்றம் அவர்களுக்கு 6 கோடி ரூபா தண்டம் விதித்தது.

யாலவில் பிடிபட்டதற்குக் காரணம் அங்கே வாயிற்காவலும் ரோந்தும் வாகனத்தைச் சந்தேகித்தவர்களும் இருந்தமை. மாங்குளத்தில் வீதியோரப் புளியமரத்துக்கோ கைவிடப்பட்ட கட்டடத்துக்கோ காவல் கிடையாது. அங்கே இருக்கக்கூடிய ஒரே காவல் ஊர்ச்சனம். அந்தச் சனத்துக்குத் தங்கள் மரத்தில் இருப்பது எது என்று யாரும் தமிழில் சொல்லியிருக்கிறார்களா?

இதற்கு மேல் ஒரு வரலாற்றுச் சிக்கலும் இருக்கிறது. வடக்கில் 'வனம்', 'வனஜீவராசி' என்ற சொற்கள் இன்று காணிப் பிரச்சினையின் சொற்கள். இடம்பெயர்ந்திருந்த காலத்தில் பற்றை வளர்ந்துவிட்ட வயல்களிலும் குடியிருப்புக் காணிகளிலும் திணைக்களங்கள் எல்லைக்கல் நாட்டியதாக முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மக்கள் ஆண்டுக்கணக்காக முறையிட்டு வருகிறார்கள். 2015இல் சுண்டிக்குளம், நெடுந்தீவு, மடுவீதி, ஆதாம் பாலம் ஆகியவை தேசிய பூங்காக்களாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டன. தங்கள் கடலும் மேய்ச்சல் தரையும் எங்கே முடிகின்றன என்பதை அங்குள்ளவர்கள் பலகையைப் பார்த்துத்தான் அறிந்துகொள்ள வேண்டியிருந்தது. இந்தப் பின்னணியில் 'அரிய சிலந்தி இருக்கிறது' என்று ஒருவர் சொன்னால், 'அப்படியானால் எங்கள் காணியும் போய்விடுமோ' என்பதுதான் முதலில் எழும் அச்சம். அந்த அச்சம் தீராதவரை சிலந்தியைக் கண்டவர் அதைப்பற்றி வாய் திறக்கமாட்டார்.

மரம் போனால் வீட்டுக்குள் வரும்

ராஜேய் இனத்தைக் கண்டவர்கள் அன்றே ஒரு காரணத்தைச் சொன்னார்கள். முதிர்ந்த மரங்கள் குறைந்ததால் சிலந்திகள் பழைய கட்டடங்களுக்குள் புகுகின்றன. போர்க்காலத்தில் பதுங்குகுழிகளுக்காகவும் காவலரண்களுக்காகவும் பனையும் காட்டு மரங்களும் வெட்டப்பட்டதையும், போருக்குப் பின் வீதி விரிவாக்கத்திலும் மரக் கடத்தலிலும் எஞ்சியவை சாய்ந்ததையும் பார்த்த எவருக்கும் இது புதிய செய்தியாக இராது.

குடாநாட்டில் இதன் மறுபக்கத்தைக் காணலாம். வலிகாமம் வடக்கில் படையினர் வசமிருந்த காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன. மயிலிட்டித் துறைமுகப் பகுதிக்கு மக்கள் 27 ஆண்டுகளுக்குப் பின் 2017இல் போனார்கள். கூரையில்லாத வீடுகளும் காடாகிப்போன வளவுகளும் தூர்ந்த கிணறுகளுமே அவர்களுக்காகக் காத்திருந்தன. அந்த இருபத்தேழு ஆண்டுகளில் அங்கே குடியிருந்தவை பாம்பும் சிலந்தியும் உடும்பும்தான். வளவைத் துப்புரவாக்கப் போகிறவரின் கைக்கும் காலுக்கும் அவை எதிர்ப்படும். மீள்குடியேற்றம் என்பது இந்த உயிரினங்களுடனும் மீண்டும் சேர்ந்து வாழப் பழகுவதுதான். அதற்கு எந்தத் திட்டமும் இருக்கவில்லை.

நாகபாம்புக்கு நம்மிடம் ஒரு மரபு உண்டு. நயினாதீவு நாகபூஷணி அம்மனும் புளியங்குளம் புதூர் நாகதம்பிரானும் இருக்கும் மண்ணில் நாகத்தைக் கண்டால் பலர் அடிக்காமல் விலகி வழிவிடுவார்கள். சிலந்திக்கு அப்படி ஒரு கோயில் இல்லை. ஆகவே அதற்கு அறிவு மட்டும்தான் காவல்.

கடித்தால் என்ன ஆகும்?

அச்சத்தை ஏளனம் செய்வது சரியல்ல, ஏனெனில் கடி உண்மையிலேயே கடுமையானது. தென் அமெரிக்கத் தரந்துலாக்கள் பல, எதிரி மீது உதறி எரிச்சலூட்டும் மயிர்களை உடையவை. பீசிலோதீரியாவிடம் அந்த ஆயுதம் இல்லை. ஓடும், முடியாவிட்டால் கடிக்கும். சிலந்தி வளர்ப்போரே இந்த இனத்தைக் கையில் எடுக்காதீர்கள் என்று ஒருவரையொருவர் எச்சரிப்பதற்கு இதுவே காரணம். பதிவான கடிகளைத் தொகுத்து சுவிஸ் மருத்துவர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வின்படி, கடித்த இடத்தில் கடும் வலி தோன்றும். பல மணி நேரம் கழித்துத் தசைப்பிடிப்புகள் தொடங்கலாம், அவை நாட்கணக்கில் விட்டுவிட்டு வரலாம். அந்தத் தொகுப்பில் மரணம் எதுவும் பதிவாகவில்லை.

இதிலிருந்து சாதாரண மக்களுக்குத் தேவையானது சுருக்கமானது. கடிபட்டவரை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். வலி தணிந்துவிட்டது என்று உடனே வீட்டுக்கு ஓடிவராதீர்கள், தசைப்பிடிப்பு பிந்தியும் வரும். கடிவாயை வெட்டவோ சுடவோ வேண்டாம். பாம்புக்கு ஏற்றும் விஷமுறிவு மருந்து இதற்கு உதவாது. வலிக்கும் தசைப்பிடிப்புக்கும் வைத்தியம் செய்வார்கள்.

பாம்பின் கதை வேறு. இலங்கையில் ஆண்டுக்குச் சுமார் 80,000 பேரைப் பாம்பு கடிக்கிறது, 400க்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள் என்று 2016இல் வெளியான நாடளாவிய ஆய்வு மதிப்பிட்டது. நாம் பயன்படுத்தும் விஷமுறிவு மருந்து இந்தியாவிலிருந்து வருவது. இந்திய நாகம், விரியன், சுருட்டை முதலிய நான்கு பாம்புகளின் விஷத்துக்கு எதிராகத் தயாரிக்கப்படுவது. அந்த நான்குக்கு அப்பால் ஒரு பாம்பு கடித்தால் அந்த மருந்தை நம்ப முடியாது. வெளிநாட்டு விஷப்பாம்பை யாராவது கடத்தி வந்து வீட்டில் வளர்த்து, அது கடித்தால், யாழ் போதனா வைத்தியசாலையிலும் கொழும்பிலும் அதற்கான மருந்து இருக்காது. சமூக வலைத்தளக் காணொளிக்காகப் பாம்பைக் கழுத்தில் போடும் இளைஞர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். நட்சத்திர ஆமையைத் தொட்டியில் விட்டு 'அதிர்ஷ்டம்' என்று வளர்ப்பதும் குற்றமே. அது பாதுகாக்கப்பட்ட இனம்.

என்ன செய்யலாம்?

பீசிலோதீரியா ஹனுமவிலாசுமிகா என்ற இன்னொரு சிலந்தி இருக்கிறது. இராமேஸ்வரம் தீவில் கண்டெடுக்கப்பட்டு 2004இல் பெயர் பெற்றது. பின்னர் மன்னாரிலும் இருப்பது தெரியவந்தது. பாக்கு நீரிணையின் இரு கரையிலும் ஒரே சிலந்தி. நம் மண்ணில் இன்னும் என்னென்ன இருக்கின்றன என்பதை நாமே தேடவில்லை என்பதற்கு இது அடையாளம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் துறை இருக்கிறது, வடக்கெங்கும் உயிரியல் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். எந்தப் பொந்தில் எது இருக்கிறது என்று அறிந்த விறகு வெட்டிகளும் தேனெடுப்போரும் இருக்கிறார்கள். இவர்களை இணைத்து ஒரு பட்டியல் தயாரிக்கப் பெருந்தொகை தேவையில்லை. அடுத்த இனம் கண்டுபிடிக்கப்படும்போது அந்தக் கட்டுரையில் நம்மூரவர்களின் பெயரும் இருக்க வேண்டுமென்றால் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

பிரதேச சபைகள் வீதியோர முதுமரங்களை வெட்ட அனுமதி கொடுக்குமுன் பொந்துகளைப் பார்க்கச் சொல்லலாம். பிரதேச வைத்தியசாலைகள் சிலந்திக் கடி பற்றி ஒரு பக்கத் துண்டுப்பிரசுரத்தைத் தமிழில் வைக்கலாம். திணைக்களங்கள் ஒரு விடயத்தை எழுத்தில் உறுதிப்படுத்த வேண்டும்: ஒருவர் தன் வளவில் அரிய உயிரினம் இருப்பதாக அறிவித்தால், அதைக் காரணமாக்கி அவருடைய காணியில் கை வைக்கப்படாது. இந்த உறுதி இல்லாமல் எந்தச் சட்டமும் மாங்குளத்தில் வேலை செய்யாது.

புலம்பெயர்ந்த உறவுகளுக்கும் ஒரு வேண்டுகோள். இலண்டனிலோ ரொறன்ரோவிலோ ஒரு கடையில் உங்கள் பிள்ளை 'சிறீலங்கன்' என்று பெயரிட்ட சிலந்திக் குப்பியைக் கேட்டால், அதன் தாய் எந்த ஊர் மரத்திலிருந்து, எந்த அனுமதியோடு வந்தது என்று கடைக்காரரிடம் கேளுங்கள். பத்திரம் காட்ட முடியாதவரிடம் வாங்காதீர்கள். ஊரில் இருப்பவர்கள் அடுத்த முறை சுவரில் புலிமுகச் சிலந்தியைக் கண்டால், தும்புத்தடியை எடுக்குமுன் ஒரு படம் எடுங்கள். பிறகு வாய் அகன்ற பாத்திரமொன்றால் மூடி, அடியில் மட்டையைச் செருகி, கை படாமல் வெளியே ஒரு பெரிய மரத்தடியில் விட்டுவிடுங்கள்.