ஒத்திவைப்பு மட்டும் போதாது

‘நெக்ஸ்ட்’ எனப்படும் தேசிய வெளியேறும் தேர்வுக்கான மாதிரித் தேர்வு 2023 ஜூலை 28 அன்று நடைபெறவிருந்தது. ஒன்றிய சுகாதார அமைச்சகத்தின் அறிவுரைப்படி அது ஒத்திவைக்கப்பட்டது. 2019இல் சேர்ந்த எம்.பி.பி.எஸ். மாணவர்களே முதலில் இத்தேர்வைச் சந்திக்கவிருந்தவர்கள். அதன் விதிமுறைகளோ 2023 ஜூன் இறுதியில்தான் வெளியாயின. நான்காண்டுகள் ஒரு முறையில் படித்தவர்களிடம், கடைசி நேரத்தில் முறையே மாறிவிட்டது என்று அறிவிப்பதற்குப் பெயர் சீர்திருத்தமாம்.

திறன் அடிப்படையிலான புதிய பாடத்திட்டத்தில் பயின்ற முதல் அணியினரும் இவர்களே. முதலாண்டிலிருந்தே மாணவர் நோயாளிகளோடு பழக வேண்டும் என்கிறது அப்பாடத்திட்டம், நல்ல நோக்கம்தான். ஆனால் முதலாண்டு முடியுமுன்பே பொதுமுடக்கம் வந்தது. வார்டில் கற்க வேண்டியதைக் கைப்பேசித் திரையில் கற்றார்கள். இழந்ததை ஈடுசெய்ய வேண்டிய இறுதியாண்டில்தான் இத்தேர்வு அவர்கள் தலையில் சுமத்தப்பட்டது.

2019ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் ஒரே தேர்வுக்கு நான்கு வேலைகளைக் கொடுத்திருக்கிறது. இறுதியாண்டுத் தேர்வும் அதுவே. மருத்துவராகப் பதிவு செய்வதற்கான உரிமமும் அதுவே. முதுநிலைச் சேர்க்கைக்கு அடிப்படையும் அதுவே. வெளிநாட்டில் பயின்றோருக்கான தகுதித் தேர்வும் அதுவே. கோளாறு இங்குதான் இருக்கிறது. உரிமத் தேர்வு கேட்பது ஒன்றே ஒன்று: இவரை நம்பி ஒரு நோயாளியை ஒப்படைக்கலாமா? அதில் எல்லோரும் தேறினால் நாட்டுக்கு நல்லது. முதுநிலைத் தேர்வின் வேலையோ இருக்கும் குறைந்த இடங்களுக்காகப் பெரும்பாலோரைக் கழித்துக்கட்டுவது. இரண்டையும் ஒன்றாக்கினால், தேறுவதற்குத் தேவையானதைக் கற்ற மாணவரும் நிறுத்த முடியாது. அடுத்தவரைவிட ஒரு மதிப்பெண்ணாவது கூடுதலாகப் பெற்றாக வேண்டும்.

தரவரிசை முதல்கட்டத் தேர்வின் கொள்குறி வினாக்களைக் கொண்டே தீர்மானிக்கப்படும். இரண்டாம் கட்டச் செய்முறைத் தேர்வில் தேறினாரா, இல்லையா என்பது மட்டுமே கணக்கு. ஆகவே பிரசவ அறையில் இரவெல்லாம் விழித்திருந்து கற்ற மாணவியைவிட, விடுதி அறையில் கேள்வி வங்கியைப் புரட்டிக்கொண்டிருந்தவர் முந்திச் செல்வார். மாணவர்களைக் குறைகூறிப் பயனில்லை. மூன்றாமாண்டிலேயே பயிற்சி நிறுவனங்களுக்குப் பணம் கட்டுவதும், பிற்பகல் வகுப்பைத் தவிர்த்துவிட்டு அதன் காணொளிகளைப் பார்ப்பதும் அவர்களுக்கு விவேகமாகவே தோன்றும். பணம் கட்ட இயலாத கூலித் தொழிலாளியின் மகள் என்ன செய்வாள் என்பதற்கு ஆணையத்திடம் விடை இல்லை.

கல்லூரிக்குக் கல்லூரி தரம் வேறுபடுகிறது, எனவே பொதுவான அளவுகோல் வேண்டும் என்ற வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. உள்நோயாளிகளே இல்லாத படுக்கைகளையும், ஆய்வு நாளில் மட்டும் தலைகாட்டும் பேராசிரியர்களையும் கொண்டு நடக்கும் தனியார் கல்லூரிகள் இருக்கவே செய்கின்றன. ஆனால் அவற்றுக்கு அனுமதி அளித்தது யார்? கண்காணிக்க வேண்டிய ஆணையம் தன் கடமையை மாணவரின் விடைத்தாளுக்கு மாற்றிவிட்டுக் கைகழுவுகிறது. முதலாளிகளின் கட்டண வசூலுக்கு மட்டும் இடையூறு எதுவுமில்லை.

மேற்படிச் சட்டம் 2020 செப்டம்பர் 25 அன்று நடைமுறைக்கு வந்தது. மூன்றாண்டுகளுக்குள் தேர்வைத் தொடங்கியாக வேண்டும் என்கிறது அதன் 15ஆவது பிரிவு. அக்கணக்கின்படி கெடு 2023 செப்டம்பரில் முடிவதாக இருந்தது. கெடுவை மட்டும் நீட்டித்தால் அடுத்தடுத்த அணியினரும் இதே நிச்சயமின்மையில் தவிக்க நேரிடும். நாடாளுமன்றத்தின் மழைக்காலக் கூட்டத்தொடர் 2023 ஜூலை 20 அன்று தொடங்கியது. உரிமத்தையும் முதுநிலைத் தரவரிசையையும் பிரிக்கும் திருத்தத்தை அக்கூட்டத்தொடரிலேயே ஒன்றிய அரசு கொண்டுவந்திருக்க வேண்டும்.