மார்ச் மாதக் கணக்கும் ஓர் ஆட்டக்களமும்

நம் நாட்டில் நிதியாண்டை முடித்துவைக்கும் மார்ச் மாதம், அமெரிக்காவில் கால்பந்து அணிகளின் கணக்கேட்டைப் புதிதாகத் திறந்துவைக்கிறது. இங்கே கால்பந்து என்பது நாம் அறிந்த உருண்டைப் பந்தாட்டம் அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் அமெரிக்கக் கால்பந்து. அதன் தலைமைத் தொடரான தேசியக் கால்பந்து லீக்கில், அதாவது என்.எப்.எல்.லில், 32 அணிகள் உள்ளன. செப்டம்பரில் தொடங்கும் பருவம் பிப்ரவரியில் ‘சூப்பர் பவுல்’ என்னும் இறுதிப் போட்டியுடன் முடிகிறது. அதன்பின் சில வாரங்களுக்குள், நன்றாக ஆடிய வீரர்கள் பலரும் விடுவிக்கப்படுகின்றனர். அவர்களுள் பலருடைய திறமையில் குறை ஏதும் இல்லை. அவர்களுக்குரிய தொகை அணியின் கணக்கில் அடங்கவில்லை, அவ்வளவே.

இதைக் கவனிப்போர் இருவகையாகப் பேசுவதுண்டு. சேமித்த அணி வெல்லும், வருங்காலத்தை அடகு வைத்த அணி வீழும் என்பது ஒரு சாராரின் கருத்து. கணக்கைத் திறமையாக மாற்றி எழுதத் தெரிந்தவர்க்கு வரம்பு என்பதே இல்லை என்பது மற்றொரு சாராரின் கருத்து. இரண்டுமே முழு உண்மை அல்ல என்று கருதுகிறேன். நாளைய பணத்தை இன்றே எடுத்துக்கொள்வது தன்னளவில் பிழையன்று. வளரப்போகும் ஒன்றுக்காக எடுக்கிறோமா, முடிந்துபோன ஒன்றை விட மனமின்றி எடுக்கிறோமா என்பதே ஓர் அணியின் அடுத்த ஐந்தாண்டுகளைத் தீர்மானிக்கிறது.

வரம்பு எவ்வாறு இயங்குகிறது?

என்.எப்.எல். தொடரில் ஊதிய உச்சவரம்பு 1994இல் நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு ஒவ்வோர் அணிக்கும் விதிக்கப்பட்ட வரம்பு சுமார் 3.46 கோடி டாலர். 2025இல் அது 27.92 கோடி டாலர். லீக்கின் வருவாய் உயர உயர வரம்பும் உயர்கிறது. எத்துணைச் செல்வந்தர் அணியின் உரிமையாளராக இருந்தாலும் இத்தொகையை மீற இயலாது. மார்ச் மாதத்தில் லீக்கின் புத்தாண்டு பிறக்கும் நேரத்தில் ஒவ்வோர் அணியும் வரம்புக்குள் இருந்தாக வேண்டும். ஐ.பி.எல். ஏலத்தில் ஒவ்வோர் அணிக்கும் சமமான தொகை வகுக்கப்படுவதை நம் வாசகர்கள் அறிவர். 2025ஆம் ஆண்டுப் பருவத்துக்கு அது 120 கோடி ரூபாயாக இருந்தது. சமவாய்ப்பு என்னும் நோக்கம் இரண்டுக்கும் பொது. ஆயினும் அமெரிக்க முறையில் ஒரு நுட்பம் கூடுதலாக உண்டு.

அந்த நுட்பம் கையொப்பத் தொகை பற்றியது. ஒரு வீரர் ஐந்தாண்டு ஒப்பந்தம் செய்துகொண்டு, 5 கோடி டாலரைக் கையொப்பத் தொகையாகப் பெறுகிறார் என்று கொள்வோம். பணம் உடனே அவர் கைக்குப் போய்விடுகிறது. ஆனால் உச்சவரம்புக் கணக்கில் அது ஆண்டுக்கு ஒரு கோடியாக ஐந்தாண்டுகளுக்குப் பகிர்ந்து எழுதப்படுகிறது. ஐந்தாண்டுகளே அப்பகிர்வின் எல்லை. இரண்டாண்டுகள் கழித்து அவ்வீரரை அணி விடுவித்தால், எழுதப்படாமல் எஞ்சியிருக்கும் 3 கோடியும் மொத்தமாகக் கணக்கில் வந்து விழும். ஆடாத வீரருக்காக வரம்பில் இடத்தை அடைத்துக்கொள்ளும் இத்தொகையை அமெரிக்கர்கள் ‘செத்த பணம்’ என்றே அழைக்கின்றனர்.

மார்ச் நெருங்கும்போது இடம் போதாத அணிகள் மற்றொரு வழியையும் கையாளுகின்றன. வீரருக்கு இவ்வாண்டு தரவேண்டிய ஊதியத்தின் பெரும்பகுதியைக் கையொப்பத் தொகையாக மாற்றி, எதிர்வரும் ஆண்டுகளின் மேல் ஏற்றிவிடுகின்றன. பகிர்வதற்கு ஆண்டுகள் போதவில்லையெனில், வீரர் ஆடப்போவதில்லை என்று தெரிந்தே ஒப்பந்தத்தின் இறுதியில் பெயரளவிலான ஆண்டுகளைச் சேர்க்கின்றன. வீரருக்கு இதனால் இழப்பில்லை; பணம் முன்னதாகவே கிடைக்கிறது. அணிக்கு இவ்வாண்டு மூச்சுவிட இடம் கிடைக்கிறது. அதற்கான விலை பின்னொரு மார்ச் மாதத்தில் வந்து சேரும்.

விட மனமில்லாத அணி

நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணி இவ்வழியில் நெடுந்தொலைவு சென்றது. ஆட்டத்தை முன்னின்று நடத்துபவர் ‘குவாட்டர்பேக்’ எனப்படுவார். ட்ரூ பிரீஸ் என்னும் தலைசிறந்த குவாட்டர்பேக்கின் இறுதி ஆண்டுகளில் இன்னொரு கோப்பையை வென்றுவிட வேண்டும் என்பது அவ்வணியின் வேட்கை. 2017 முதல் 2020 வரை நான்கு பருவங்களிலும் தன் பிரிவில் முதலிடம் பெற்ற அணி அது. அதுவரை அவ்வேட்கையில் பிழை காண்பது எளிதன்று. 2021இல் பிரீஸ் ஓய்வு பெற்றார். அவ்வாண்டுத் தொடக்கத்தில் அணியின் கணக்கு வரம்பைவிட ஏறத்தாழ 10 கோடி டாலர் மிகுந்து நின்றது.

அந்நிலையில் அணி ஒருமுறை மூச்சைப் பிடித்துக்கொண்டு பழைய சுமையைத் தீர்த்திருக்கலாம். மாறாக, மூத்த வீரர்களின் ஊதியங்களை மேலும் மேலும் பின்னாண்டுகளுக்குத் தள்ளியது. 2023இல் டெரெக் கார் என்னும் குவாட்டர்பேக்கை நான்காண்டுகளுக்கு 15 கோடி டாலர் மதிப்பில் ஒப்பந்தம் செய்தது. தோள்பட்டைக் காயத்தால் அவர் 2025 மே மாதத்தில் ஓய்வை அறிவித்தார். 2021 முதல் 2024 வரை நான்கு பருவங்களில் ஒருமுறைகூட அவ்வணி நாக்-அவுட் சுற்றை எட்டவில்லை. அந்த நான்காண்டுகளிலும் அது கடன்பட்டது புதியதொன்றைக் கட்டியெழுப்புவதற்காக அன்று. முடிந்துபோன ஒரு காலத்தை முடியவில்லை என்று காட்டுவதற்காகவே கடன்பட்டது.

வளர்ச்சிக்காகக் கடன்பட்ட அணி

ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணியும் இதே கருவிகளைக் கையாண்டது. நாளைய வரம்பில் இன்று செலவிடுவதில் அது செயின்ட்ஸ் அணிக்குச் சளைத்ததன்று. வேறுபாடு வேறிடத்தில் இருந்தது. 2021இல் தன் முதன்மைக் குவாட்டர்பேக் கார்சன் வென்ட்ஸைப் பிற அணிக்கு மாற்றிவிட்டு, சுமார் 3.38 கோடி டாலர் செத்த பணத்தை ஒரே ஆண்டில் ஏற்றுக்கொண்டது. ஒரே வீரருக்காக அதுவரை எவ்வணியும் அவ்வளவு சுமந்ததில்லை. அவ்விடத்துக்கு வந்த ஜேலன் ஹர்ட்ஸ், 2020ஆம் ஆண்டுப் புதுமுகத் தேர்வில் இரண்டாம் சுற்றில் எடுக்கப்பட்டு மிகக் குறைந்த ஊதியம் பெற்றுவந்தவர். அந்தச் சிக்கன ஆண்டுகளில் அவரைச் சுற்றி வலுவான அணி எழுந்தது. 2022ஆம் ஆண்டுப் பருவத்தில் அணி சூப்பர் பவுலை எட்டியது.

2023இல் ஹர்ட்ஸுக்கு ஐந்தாண்டு நீட்டிப்பாக 25.5 கோடி டாலர் மதிப்புள்ள ஒப்பந்தம் கிடைத்தது. ஆயினும் முதலாண்டில் வரம்புக் கணக்கில் ஏறியது சுமார் 60 லட்சம் டாலரே. எஞ்சியது பின்னாண்டுகளின் மேல் ஏற்றப்பட்டது. அவ்வாறு மீந்த இடத்தில் 2024 மார்ச் மாதத்தில் சாக்வான் பார்க்லி வந்து சேர்ந்தார். பந்தை ஏந்தி ஓடுவதில் வல்லவரான அவரை, நியூயார்க் ஜயன்ட்ஸ் அணி தன் கணக்குக்கு ஒவ்வாதவர் என விட்டுவிட்டிருந்தது. மூன்றாண்டுகளுக்கு 3.775 கோடி டாலர் ஒப்பந்தத்தில் வந்தவர், முதல் பருவத்திலேயே 2,005 கெஜம் ஓடினார். 2025 பிப்ரவரியில் ஈகிள்ஸ் அணி கன்சாஸ் சிட்டி சீஃப்ஸ் அணியை 40க்கு 22 என்று வென்று கோப்பையை ஏந்தியது.

ஆகவே கடன் வேண்டாம் என்பதன்று ஈகிள்ஸ் தரும் பாடம். வயதும் திறனும் ஏறுமுகத்தில் இருந்தவர்களின் மேல் அவ்வணி வருங்காலத்தை முதலீடு செய்தது. தவறிய ஒப்பந்தத்தின் இழப்பை மட்டும் தள்ளிப்போடாமல் உடனே செலுத்தியது.

இழப்பை ஏற்கும் துணிவு

இத்துணிவுக்கு டென்வர் பிராங்கோஸ் இன்னும் கடுமையான சான்று. 2022இல் ரசல் வில்சன் என்னும் புகழ்பெற்ற குவாட்டர்பேக்கைப் பெரும் விலை கொடுத்துப் பெற்ற அவ்வணி, எதிர்பார்த்த பயனைக் காணாமல் 2024 மார்ச்சில் அவரை விடுவித்தது. அதனால் எழுந்த செத்த பணம் இரண்டாண்டுகளில் மொத்தம் சுமார் 8.5 கோடி டாலர். அணி பல்லாண்டுகளுக்கு எழாது என்று பலரும் கருதினர். ஆனால் போ நிக்ஸ் என்னும் புதுமுகத்தைக் கொண்டு அப்பருவத்திலேயே 10 வெற்றிகள் பெற்று, 2015ஆம் ஆண்டுப் பருவத்துக்குப் பின் முதன்முறையாக நாக்-அவுட் சுற்றை அடைந்தது. போட்ட பணம் வீணாகிவிடுமே என்று அவரையே வைத்திருந்தால், இழப்பு மேலும் வளர்ந்திருக்கும். புதியவருக்கு இடமும் கிடைத்திராது.

கன்சாஸ் சிட்டி அணி வேறொரு வழியில் முந்திக்கொண்டது. தன் நட்சத்திரமான டைரீக் ஹில்லை, அவருடைய மதிப்பு உச்சத்தில் இருந்த 2022 மார்ச்சிலேயே மயாமி அணிக்குக் கொடுத்துவிட்டு, ஈடாக ஐந்து புதுமுகத் தேர்வு உரிமைகளைப் பெற்றது. ரசிகர்கள் வருந்தினர். அடுத்த இரண்டு பருவங்களிலும் அவ்வணியே கோப்பையை வென்றது.

வரம்பு சுருங்கிய ஆண்டு

வருங்காலத்தை அடகு வைப்போர் அனைவரும் நம்பியிருப்பது ஒன்றே: வரம்பு ஆண்டுதோறும் உயரும், ஆகவே இன்று பெரிதாகத் தெரியும் தொகை நாளை சிறிதாகிவிடும் என்பது. பெரும்பாலான ஆண்டுகளில் அந்நம்பிக்கை பொய்ப்பதில்லை. ஆனால் பெருந்தொற்றுக் காலத்தில் மைதானங்கள் வெறிச்சோடின. 2020இல் 19.82 கோடி டாலராக இருந்த வரம்பு 2021இல் 18.25 கோடியாகச் சுருங்கியது. செயின்ட்ஸ் அணியின் 10 கோடிச் சுமை அத்துணைப் பெரிதாகத் தோன்றியதற்கு இதுவும் ஒரு காரணம். நெருக்கடிக்கு ஆளான அணிகள் மூத்த வீரர்களை விடுவித்தன. வெளியே வந்தவர்களில் பலர் குறைந்த தொகைக்கு ஓராண்டு ஒப்பந்தம் பெற்று அமைய நேர்ந்தது.

அந்த நேரத்தில் கையில் இடம் வைத்திருந்த நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் அணி வீரர்களை வாரிக்கொண்டது. ஏழு வெற்றிகளிலிருந்து பத்து வெற்றிகளுக்கு உயர்ந்தது. ஆயினும் அந்த ஏற்றம் நிலைக்கவில்லை. 2023இல் நான்கு வெற்றிகளே கிட்டின. கையில் இடமிருந்தால் மட்டும் போதாது, அதில் எவரை அமர்த்துகிறோம் என்பதும் வேண்டும் என்பதற்கு இதுவே சான்று. செலவழிக்காத இடத்தை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுசெல்ல விதிகள் இடமளிக்கின்றன. ஆனால் சேமிப்பு தானாகவே ஒரு பந்தையும் பிடித்துவிடாது.

கணக்கின் மறுபக்கம்

இம்முறையைப் புகழ்வோர் மறந்துவிடும் ஒரு பக்கமும் உண்டு. குவாட்டர்பேக்குக்கும் நட்சத்திரங்களுக்கும் பெருந்தொகை உறுதி செய்யப்படுகிறது. புதுமுகங்களின் ஊதியமோ விதிகளால் குறைவாகவே கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. இடையில் நசுங்குபவர் முப்பது வயதை எட்டிய, நட்சத்திரம் அல்லாத, நம்பகமான வீரர். இவ்விளையாட்டில் ஒப்பந்தத் தொகை முழுவதும் உறுதியளிக்கப்படுவது அரிது. அதனால் காகிதத்தில் நான்காண்டு ஒப்பந்தம் பெற்றவர் இரண்டாம் ஆண்டு மார்ச்சிலேயே வேலை இழக்கக்கூடும். நிருவாகம் ஏட்டில் செய்த தவற்றுக்கு, களத்தில் எத்தவறும் செய்யாத ஒருவர் விலை கொடுக்கிறார். வரம்பு தேவை என்பதில் எனக்கு ஐயமில்லை. அது இல்லாவிடில் பெருநகரச் செல்வந்தர்களின் அணிகளே என்றும் ஆளும். ஆனால் அணிகளுக்கிடையே நிலைநாட்டப்படும் நியாயம், வீரர்களுக்கிடையே நியாயமாகிவிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இனி, இதை நம் வீட்டுக் கணக்கோடு ஒப்பிட விழைவோர் ஒரு வேறுபாட்டை முதலில் நினைவில் கொள்ள வேண்டும். அணி தன் வரம்புக் கணக்கில் நாளைக்குத் தள்ளும் தொகைக்கு வட்டி இல்லை; நம் கடனுக்கு உண்டு. ஆகவே ஈகிள்ஸ் அணியின் துணிவை அப்படியே நம் கடனட்டைக்குப் பொருத்திப் பார்ப்பது தகாது. வட்டியே இல்லாத இடத்திலும் நியூ ஆர்லியன்ஸ் அணியைப் பல்லாண்டு கட்டிப்போட்ட சுமை, வட்டியுள்ள இடத்தில் எவ்வளவு விரைந்து வளரும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

மற்றபடி, அணிகளின் மேலாளர்கள் மார்ச் மாதத்தில் தம்மைக் கேட்டுக்கொள்ளும் வினாக்கள் நமக்கும் உரியவையே. இத்தவணை எதற்காக? தவணை முடியும் வரை அப்பொருளோ அக்கல்வியோ நமக்குப் பயன்தந்துகொண்டிருக்குமா? ஊதியம் ஆண்டுதோறும் உயரும் என்னும் நம்பிக்கையை நீக்கிவிட்டுப் பார்த்தாலும் கணக்கு நிற்குமா? பயனற்றுப்போன ஒன்றுக்கு இன்னும் பணம் கட்டிக்கொண்டிருக்கிறோமெனில், அதை விடுவதற்கான செலவு எவ்வளவு, வைத்திருப்பதற்கான செலவு எவ்வளவு? இறுதி வினாவுக்கு விடை காண்பதே பெரும்பாலோர்க்குக் கடினம். செயின்ட்ஸ் அணி இவ்வினாவைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தது. டென்வர் அணி 8.5 கோடி டாலர் விலை என்று தெரிந்தும், அதற்கு ஒரே மார்ச் மாதத்தில் விடையளித்தது.