தீவு கேட்கும் கேள்வியும் தெரு கேட்கும் கேள்வியும்

இதழாசிரியர் இவ்வாண்டு மலருக்குக் கட்டுரை ஒன்று கேட்டார். கற்பனை வளமோ சொல் நயமோ என்னிடம் இல்லை. இப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. முடித்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அயல்நாட்டு நிறுவனம் ஒன்றுக்காகத் தாராவியில் எங்கள் வீட்டு மேசையில் அமர்ந்தபடியே கணிப்பொறி வேலை செய்து வருகிறேன். அம் மேசையின் மேல் இப்பொழுது இரண்டு கோப்புகள் கிடக்கின்றன. அவற்றைப் பற்றியே எழுதத் துணிந்தேன்.

ஒரு கோப்பு என்னுடையது. மொரீசியஸ் தீவில் ஓராண்டு தங்கி, அங்கிருந்தபடியே என் வேலையைப் பார்க்க அனுமதி கேட்கும் விண்ணப்பம் அதில் இருக்கிறது. மற்றொன்று அப்பாவுடையது. 2000-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளுக்கு முன்பே நாங்கள் தாராவியில் குடியிருந்தோம் என்பதற்கான சான்றுகளை அவர் அதில் சேர்த்து வருகிறார். என் கோப்பு, “வருகின்ற நீ திரும்பிப் போவாயா?” என்று கேட்கிறது. அப்பாவின் கோப்பு, “நீ எப்பொழுதிலிருந்து இங்கே இருக்கிறாய்?” என்று கேட்கிறது. இவ்விரண்டு கேள்விகளையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது எழுந்த எண்ணமே இக் கட்டுரை.

முதலில் தீவின் கேள்வியைக் காண்போம்.

2020-ஆம் ஆண்டு கொரோனா நோய் உலகை முடக்கியது. விமானங்கள் நின்றன. சுற்றுலாவை நம்பி வாழ்ந்த தீவுகளில் விடுதிகள் வெறிச்சோடின. அதே வேளையில், அலுவலகம் செல்லாமலே வேலை பார்க்க முடியும் என்பதைப் பல லட்சம் பேர் கண்டுகொண்டனர். இரண்டையும் இணைத்துப் பார்த்தது பார்படோஸ். அவ்வாண்டு ஜூலையில் ‘வெல்கம் ஸ்டாம்ப்’ என்ற பெயரில் பன்னிரண்டு மாத அனுமதியை அறிவித்தது. ஆண்டுக்கு 50,000 டாலர் வருமானம் வேண்டும். தனி ஆளுக்குக் கட்டணம் 2,000 டாலர். அவ்வாண்டின் இறுதியில் மொரீசியஸ் ‘பிரீமியம் விசா’ என்பதை வெளியிட்டது. அடுத்த ஆண்டில் மால்டா தீவும் இவ் வரிசையில் சேர்ந்தது.

இவற்றுள் நம் போன்றோர் எட்டிப் பிடிக்கக் கூடியது மொரீசியஸ் வைத்த அளவே. மாதம் 1,500 டாலர், அதாவது ஒன்றேகால் லட்சம் ரூபாய்க்கு மேல், வருமானம் இருந்தால் போதும். கட்டணம் இல்லை. ஓராண்டு தங்கலாம், பின்பு புதுப்பிக்கவும் கேட்கலாம். பாஸ்போர்ட், திரும்பி வரும் பயணச்சீட்டு, தங்குமிடத்திற்கான சான்று, மருத்துவக் காப்புறுதி, வருமானச் சான்று, வேலை அந் நாட்டுக்கு வெளியே இருப்பதைக் காட்டும் கடிதம் ஆகியவை வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலான விதி ஒன்று உண்டு. விசா பெற்றவர் அந் நாட்டு வேலைச் சந்தைக்குள் நுழையக் கூடாது. வரலாம், வாழலாம், செலவு செய்யலாம். அங்குள்ள ஒருவரிடம் கூலிக்கு வேலை பார்த்தல் மட்டும் ஆகாது.

இச் செய்தியை எனக்கு முதலில் சொன்னவள் மாதுங்காவில் இருக்கும் என் தோழி. கிங்ஸ் சர்க்கிள் அருகே காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, “தைப்பூசத்துக்கு அங்கே லீவு விடறா, தெரியுமோ? ரூபாய் நோட்டுல தமிழ் எழுத்து இருக்குடி. யோசிக்காம கிளம்பு!” என்றாள். அவள் சொன்னது உண்மையே. 1998-இல் வெளிவந்த புதிய நோட்டுகளில் தமிழ் எழுத்தின் இடம் கீழிறங்கியதென்று அத் தீவின் தமிழர் கிளர்ந்தெழ, அந் நோட்டுகளே திரும்பப் பெறப்பட்டன. அத்தகைய ஊரில் ஓராண்டு வாழ யாருக்குத்தான் ஆசை எழாது? நேர வேறுபாடும் ஒன்றரை மணியே. இங்கே ஒன்பதரை ஆகும்போது அங்கே காலை எட்டு.

செம்பூரில் ஒரு பெரியவர் இருக்கிறார். எங்கள் தெருவில் பலருக்கு வருமான வரிக் கணக்கு எழுதித் தருபவர். அவரிடம் ஆலோசனைக்குச் சென்றேன். அவர் கடற்கரையைப் பற்றிப் பேசவில்லை. “ஏம்மா, அங்கே 183 நாள் இருந்துட்டா வரி விஷயத்துல அந்த ஊர் ஆளாத்தான் உன்னைப் பார்ப்பாங்க. இங்கே 182 நாள் கணக்கு ஒண்ணு இருக்கு. ரெண்டையும் பார்க்கணும். உன் கம்பெனிகிட்ட எழுத்துல சம்மதம் வாங்கினியா? அதை முதல்ல வாங்கு” என்றார். விளம்பரப் படங்களில் இல்லாத அறிவுரை இது. விண்ணப்பிக்க எண்ணும் நண்பர்கள் இதை மனத்தில் கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

தீவு முன்பு என்ன கேட்டது என்பதை அறிய வேண்டாமா? அடிமை முறை ஒழிந்த காலத்தில் மொரீசியஸின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. 1834-ஆம் ஆண்டு நவம்பர் 2-ஆம் நாள் ‘அட்லஸ்’ என்ற கப்பல் கல்கத்தாவிலிருந்து முப்பத்தாறு தொழிலாளரை அங்கே இறக்கியது. ஐந்து ஆண்டு ஒப்பந்தம். மாதம் ஐந்து ரூபாய் கூலி. பின்னர்ச் சென்னையிலிருந்தும், நம் பம்பாயிலிருந்தும் கப்பல்கள் சென்றன. 1920 வரை ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் போர்ட் லூயி துறைமுகத்துக் குடியேற்றக் கூடத்தைக் கடந்தனர். அக் கூடத்தின் பதினாறு கற்படிகளை இன்றும் காணலாம். ‘ஆப்ரவாசி காட்’ என்ற பெயருடைய அவ்விடத்தை 2006-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

அன்று சென்றவரிடம் வருமானச் சான்று கேட்கவில்லை. வலுவான கைகளையே கேட்டனர். ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலியைப் பிடித்தனர். ஒப்பந்தம் முடிந்து விடுதலை பெற்றவரையும் விட்டுவிடவில்லை. 1867-ஆம் ஆண்டுச் சட்டம், அவர்களும் தம் உருவப்படம் ஒட்டிய சீட்டு ஒன்றை எப்பொழுதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்றது. சீட்டில்லாதவன் நாடோடி என்று பிடிபட்டான். பல்லாண்டுகள் அம் மண்ணில் உழைத்தவன், தான் யார் என்பதை ஒரு காகிதத்தால் ஒவ்வொரு நாளும் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது.

அன்றைய ஒப்பந்தத்தையும் இன்றைய விசாவையும் ஒன்றென்று நான் கூற வரவில்லை. அப்படிக் கூறுவது அன்று துன்புற்றவர்களுக்குச் செய்யும் அநீதியாகும். நான் விரும்பிச் செல்கிறேன். விரும்பினால் மறுநாளே திரும்புவேன். அவர்களுக்கு அவ் வழி இல்லை. ஆனால் ஒன்றை மட்டும் கூறலாம். அன்று அத் தீவுக்குக் கைகள் வேண்டியிருந்தன. இன்று அதே தீவு, “உன் கைகள் வேண்டா, பணப்பையோடு வா” என்கிறது. பணப்பையோடு வருபவனுக்கு விதிகள் ஒரு பக்கத்தில் அடங்குகின்றன. கையை மட்டும் கொண்டு வந்தவனுக்கோ சட்டம் ஒருபோதும் ஒரு பக்கத்தில் அடங்கியதில்லை.

இனித் தெருவின் கேள்விக்கு வருகிறேன்.

எங்கள் தாத்தா திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்தார். தோல் பதனிடும் கொட்டகையில் வேலை. அக் காலத்தில் அவ்வேலைக்கு வேறு யார் முன்வந்தனர்? சதுப்பு நிலத்தை மண்ணும் குப்பையும் கொட்டி மேடாக்கி, அதன்மேல் அவரைப் போன்றோர் குடிசை போட்டனர். “திரும்பிப் போவாயா?” என்று அவரை எவரும் கேட்கவில்லை. நகரத்துக்கு அவர் கைகள் தேவையாயிருந்தன.

இப்பொழுது தாராவியை இடித்துப் புதிதாகக் கட்டப் போகிறார்கள். 2024 மார்ச்சில் வீட்டுக் கணக்கெடுப்பு தொடங்கியது. 2000 ஜனவரி முதல் நாளுக்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருந்ததாக மெய்ப்பிப்பவர்க்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு விலையின்றிக் கிடைக்கும். அதற்குப் பின் வந்தவர்க்கும் மாடியில் இருப்பவர்க்கும் வேறு விதி, வேறு இடம். எங்கள் வீடு தரைத்தளந்தான். நாங்கள் இருந்ததும் உண்மைதான். ஆனால் பழைய ரேஷன் அட்டையும் மின்கட்டண ரசீதுகளும் 2005 ஜூலை 26-ஆம் நாள் மழையில் கரைந்து போயின. அன்று ஒரே நாளில் சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. இடுப்பளவு நீரில் பாட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேறிய அப்பாவுக்குத் தகரப் பெட்டியைத் தூக்க மூன்றாவது கை இல்லை.

பழைய வாக்காளர் பட்டியலில் தாத்தாவின் பெயரைத் தேடி அப்பா அலைகிறார். ஓர் இரவு என் கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: “ஏம்மா, நீ அந்த ஊரை இதுவரைக்கும் பாத்ததுகூட இல்ல. ஒரு வருசம் இருந்துக்கோங்காங்க. நாங்க ஒரு தலைமுறையா இங்கயே கெடக்கோம். இருந்தியா, காட்டுன்னு கேக்காங்க. இது என்ன கணக்கும்மா?”

நான் விடை சொல்லவில்லை. எம்.எஸ்சி. வரை கணக்குப் படித்தவள் நான். அந்தக் கணக்கு எனக்கு விளங்கவில்லை.

சிலர் மறுத்துரைப்பர். “மொரீசியஸ் சிறு நாடு, தன் மக்களின் வேலையைக் காத்துக்கொள்ள அதற்கு உரிமை இல்லையா?” என்பர். உண்டு, முழு உரிமை உண்டு. ஏறத்தாழ பன்னிரண்டரை லட்சம் மக்கள் வாழும் தீவு, வருபவர் தம் இளைஞரின் வேலையைப் பறிக்கக் கூடாதென்று கருதுவதில் பிழையில்லை. “வீடு இலவசமாகத் தரும்போது சான்று கேட்பது குற்றமா?” என்று வேறு சிலர் வினவுவர். சான்றே வேண்டாம் என்று நானும் சொல்லவில்லை. வஞ்சகர் புகுந்துவிடக் கூடாதுதான்.

ஆயினும் என் கருத்து இதுதான்: ஓர் இடத்தில் வாழும் உரிமையை மாத வருமானத்தைக் கொண்டு அளப்பது எளிது; உழைத்த ஆண்டுகளைக் கொண்டு அளப்பது அரிது. எளியதையே உலகம் செய்கிறது. வருமானச் சான்று நேற்று வங்கியில் எடுத்த தாளாக இருக்கலாம். உழைப்புக்குச் சான்றோ மழையில் கரைந்த ரேஷன் அட்டை. தாள் கரைந்ததால் உழைப்பும் கரைந்துவிடுமா? அண்டை வீட்டார் வாய்மொழியும், பள்ளிப் பதிவேடும், மருத்துவமனைப் பிறப்புக் குறிப்பும், தெருக் கோயிலின் வரிப் புத்தகமும் ஒரு மனிதன் ஓரிடத்தில் வாழ்ந்ததைச் சொல்லாவா? அவற்றைத் தேடிச் சேர்க்கும் கடமை அறுபது வயது முதியவரின் தலையில் மட்டும் விழலாமா? தீவிடமிருந்து நம் நகரம் கற்கத்தக்கது ஒன்று உண்டு. விதியைத் தெளிவாக, எல்லோர்க்கும் விளங்கும் மொழியில், ஒரே பக்கத்தில் எழுதி வைப்பதே அது. தாராவியில் அப் பக்கம் தமிழிலும் இருத்தல் வேண்டும்.

நண்பர்களே, தீவுகளுக்கு விண்ணப்பியுங்கள். வேண்டாமென்று நான் தடுக்க மாட்டேன். நம் பாட்டன்மார் சீட்டுடன் இறங்கிய கரையில் நாம் தலைநிமிர்ந்து இறங்குவது நல்லதே. நிறுவனத்தின் சம்மதத்தை எழுத்தில் பெறுங்கள். வரிக் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். அவ்வூரார் வேலையைத் தொடாதீர்கள். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பர் நம் முன்னோர். நாம் அங்கே பெறுவது ஓராண்டு விருந்து, குடியுரிமையன்று. அதை மறவாதீர்கள்.

போகுமுன் இன்னொன்றும் செய்யுங்கள். உங்கள் விண்ணப்பத்துக்காகச் சான்றுகளைத் தேடி, படமெடுத்து, வரிசைப்படுத்தும் திறமை உங்களிடம் இருக்கிறதன்றோ? அதே திறமையோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை தாராவிக்கு வாருங்கள். எங்கள் தெருவில் என் அப்பாவைப் போல் கோப்பும் கையுமாக அலையும் முதியவர் பலர் உளர். நம் மாணவர் மன்றம் பத்துப் பேரை அனுப்பினால் பல வீடுகளின் சான்றுகளைச் சேர்த்துவிடலாம்.

என் விண்ணப்பத்தை நான் இன்னும் அனுப்பவில்லை. தாத்தாவின் பெயர் பட்டியலில் கிடைத்த மறுநாள் அனுப்புவேன். திரும்பிப் போவாயா என்று தீவு கேட்கும் கேள்விக்கு, ஆம், போவேன் என்று நான் மெய்யாக விடை எழுத வேண்டுமானால், திரும்பி வர இங்கே ஒரு வீடு இருக்க வேண்டுமன்றோ?