சொன்னவர் பெயரையும் எழுதுக



சென்ற ஆண்டு என் வகுப்பில் ஒரு சிறு பணி கொடுத்தேன். உங்கள் வீட்டார் பயன்படுத்தும் செடிகளுள் ஐந்தின் பெயர்களைத் தமிழில் எழுதி வருமாறு கூறினேன். வேம்பு, துளசி, மஞ்சள், கறிவேப்பிலை எனப் பலர் நான்கோடு நின்றனர். ஒரு மாணவி மட்டும் ஐந்தாவது இடத்தில், "ஊரில் பாட்டி இருமலுக்குக் கொடுத்த இலை" என்று எழுதியிருந்தாள். அதன் பெயர் யாது என்று கேட்டேன். "அம்மாவுக்கும் தெரியவில்லை, ஐயா. பாட்டி இப்போது இல்லை" என்றாள்.

அந்தச் செடி அவ்வூர் வேலியோரத்தில் இன்றும் தழைத்து நிற்கலாம். ஆனால் அக்குடும்பத்தைப் பொறுத்தவரை அது வெறும் களையாகிவிட்டது. ஒரு தாவரம் அழிவது பற்றி நாம் அடிக்கடி பேசுகிறோம். அதைப் பற்றிய அறிவு அழிவதைப் பற்றிப் பேசுவதில்லை. இப்பாடத்தில் அதைப் பற்றி என் கருத்தைக் கூற விரும்புகிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது பனச்சமூட்டின் அருகே. தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டமும் கேரளத்தின் நெய்யாற்றின்கரை வட்டமும் கைகோத்து நிற்கும் எல்லைப் பகுதி அது. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகத்தீசுவரம் ஆகிய வட்டங்கள் தமிழகத்தோடு இணைந்தபோது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. மக்களின் பேச்சும் உணவும் உறவும் அக்கோட்டைக் கடந்தே இன்றும் வாழ்கின்றன.

'மூடு' என்பதற்கு மரத்தின் அடிப்பகுதி என்பது பொருள். எங்கள் பக்கத்துத் தமிழிலும் மலையாளத்திலும் அச்சொல் ஒன்றே. பனச்சமூடு, மஞ்சாலுமூடு, திருவனந்தபுரத்தின் புளிமூடு என மரத்தடியால் பெயர் பெற்ற இடங்கள் அப்பகுதியில் பல. தமிழில் பனிச்சை என்றும் மலையாளத்தில் பனச்சி என்றும் வழங்கும் மரத்தைப் பனச்சமூடு என்ற பெயர் நினைவூட்டுகிறது. அம்மரத்துக் காயின் துவர்ப்புச் சாற்றை மீன்வலைக்கும் படகுக்கும் பூசுவர். நீரில் ஊறினாலும் வலை எளிதில் மக்காதிருக்க அது உதவும். நைலான் வலை வந்தபின் அச்சாற்றை நாடுவோர் குறைந்தனர். ஊர்ப் பெயரைச் சொல்லும் இளையோருள் எத்தனை பேர் அம்மரத்தை அடையாளம் காட்டுவர்?

தாவரம் பயன்படுவதற்கு அது முளைத்திருந்தால் மட்டும் போதாது. அதைக் கையாளும் முறையும் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் ஊர் மரச்சீனியை எடுத்துக்கொள்ளுங்கள். மரவள்ளி, கப்பை என்றும் இதனை அழைப்பர். தென்னமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இக்கிழங்கைத் திருவிதாங்கூரில் பரவச் செய்ததில் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னருக்குப் பெரும் பங்குண்டு. இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல் பர்மா வீழ்ந்து அரிசி வரவு நின்றது. அக்காலத்தில் ஏழை வீடுகளின் பசியைத் தணித்தது இக்கிழங்கே. இன்று திருவனந்தபுரத்தின் ஸ்ரீகாரியத்தில், 1963இல் தொடங்கப்பட்ட மத்தியக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம் இதன் வகைகளை ஆராய்ந்து வருகிறது.

ஆயினும் மரச்சீனியில் சயனைடை வெளியிடும் பொருள் உண்டு. ஆகவே எங்கள் வீட்டுப் பெண்கள் தோலை நீக்கி, துண்டுகளாக நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்நீரை வடித்துக் கொட்டிவிடுவர். ஏன் என்று கேட்டால், "கட்டு இறங்க வேண்டும்" என்பர். வேதியியல் அவர்களுக்குத் தெரியாது. ஆனால் வடிக்காத கிழங்கு கேடு செய்யும் என்பது தெரியும். கிழங்கோடு இந்த அறிவும் சேர்ந்து வந்திராவிட்டால் உணவே நஞ்சாகியிருக்கும்.

செங்காந்தளின் நிலையும் இத்தகையதே. தமிழ்நாட்டின் மாநில மலரான இதனைக் கார்த்திகைப்பூ என்றும், இதன் கிழங்கைக் கண்வலிக்கிழங்கு என்றும் கூறுவர். மலையாளத்தில் இது மேந்தோன்னி. இச்செடியில் உள்ள கொல்கிசின் என்னும் பொருள் கீல்வாதத்தின் ஒரு வகைக்கு மருத்துவர்கள் அளந்து தரும் மருந்தாகும். அளவு மீறினால் அதே பொருள் உயிரைப் பறிக்கும். இக்கிழங்கை உண்ணத்தக்க கிழங்கென்று எண்ணி உண்டு மாண்டவர்களும் உண்டு. பூவைப் பார்த்து மகிழவும், கிழங்கைக் கண்டு விலகவும், மருந்தை அளவறிந்து கையாளவும் மூன்று விதமான அறிவு வேண்டும்.

இனி முதன்மையான வினாவுக்கு வருகிறேன். இத்தகைய அறிவு யாருக்குச் சொந்தம்?

பனச்சமூட்டிலிருந்து வடகிழக்கே அகத்தியர் மலை உயர்ந்து நிற்கிறது. அம்மலைத்தொடரின் இரு புறத்திலும், தமிழகத்திலும் கேரளத்திலுமாகக் காணிக்காரர் என்னும் பழங்குடி மக்கள் வாழ்கின்றனர். 1987ஆம் ஆண்டு தாவர அறிஞர் சிலர் காணிக்காரரை வழிகாட்டிகளாகக் கொண்டு அம்மலையில் ஏறினர். புஷ்பாங்கதன் என்பவர் அக்குழுவின் தலைவர். ஏறியவர்கள் களைத்துச் சோர்ந்தனர். வழிகாட்டிகளோ சிறு பழங்களை அவ்வப்போது மென்றபடி தளராமல் நடந்தனர். அறிஞர்களும் அப்பழத்தை வாங்கி உண்டு புத்துணர்ச்சி பெற்றனர். எச்செடியின் பழம் என்று கேட்டபோது வழிகாட்டிகள் முதலில் சொல்லத் தயங்கினர். தம் குலத்தின் அறிவை வெளியாருக்குக் கூறலாகாது என்பது அவர்களின் மரபு. தவறாகப் பயன்படுத்த மாட்டோம் என்று அறிஞர்கள் உறுதி கூறிய பின்னரே அவர்கள் செடியைக் காட்டினர். அதுவே ஆரோக்கியப்பச்சை.

திருவனந்தபுரம் மாவட்டம் பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் தோட்ட ஆராய்ச்சி நிறுவனத்தில் ஆய்வு தொடர்ந்தது. ஆரோக்கியப்பச்சையோடு அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிராந்தி ஆகியவற்றைச் சேர்த்து 'ஜீவனி' என்னும் மருந்தை உருவாக்கினர். 1995இல் அதனைத் தயாரிக்கும் உரிமை கோயம்புத்தூரைச் சேர்ந்த ஆர்ய வைத்திய பார்மசிக்கு ஏழு ஆண்டுகளுக்கு வழங்கப்பட்டது. உரிமக் கட்டணம் 10 லட்சம் ரூபாய். அதற்கு மேல் விற்பனையில் நூற்றுக்கு 2 விழுக்காடு. இவ்விரண்டிலும் பாதியைக் காணிக்காரருக்குத் தருவதென நிறுவனம் முடிவு செய்தது. பணத்தைப் பெறுவதற்காக 1997இல் காணிக்காரர் நல அறக்கட்டளை ஒன்று பதிவு செய்யப்பட்டது. 1999இல் ஏறத்தாழ 5 லட்சம் ரூபாய் அதன் கணக்கில் சேர்ந்தது. உயிரியப் பன்மைச் சட்டம் நம் நாட்டில் 2002இல்தான் இயற்றப்பட்டது. அச்சட்டம் பிறக்கும் முன்பே இவ்வாறு பங்கு கொடுத்தது உலகெங்கும் எடுத்துக்காட்டாகப் பேசப்பட்டது.

நானும் இதனைப் பாராட்டுகிறேன். ஆனால் பாராட்டோடு நின்றுவிடக் கூடாது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 ரூபாய்க்கு விற்றால் 2 ரூபாய் உரிமத்தொகை. அதில் பாதி 1 ரூபாய். வழி காட்டியவர்களுக்கு நூற்றில் ஒரு பங்கு. மேலும், காணிக்காரர் பல ஊர்களில் பரவி வாழ்பவர்கள். சில ஊரார் உடன்பட்டனர். வேறு சில ஊரார், எங்களைக் கேளாமல் எங்கள் அறிவைக் கொடுத்துவிட்டனர் என்று வருந்தினர். இலைக்குத் தேவை பெருகியபோது செடியை வேரோடு பிடுங்கிச் சென்றவர்களும் இருந்தனர். காட்டில் வளர்வதால் இலையைப் பறிக்க வனத்துறையின் தடையும் குறுக்கிட்டது. நல்லெண்ணத்தோடு தொடங்கிய செயலிலும் எல்லாரையும் கேட்டுச் செய்யாத குறை இருந்தது என்பதே என் கருத்து.

"மலையில் முளைப்பது அனைவருக்கும் பொது, மருந்து உலகுக்கே பயன்பட வேண்டும், அதற்குப் பங்கு எதற்கு?" என்று சிலர் கேட்பர். மருந்து அனைவருக்கும் பயன்பட வேண்டும் என்பதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆய்வு செய்தவருக்கு ஊதியம் உண்டு. தயாரித்தவருக்கு இலாபம் உண்டு. விற்றவருக்குத் தரகு உண்டு. முதலில் சொன்னவர் மட்டும் ஏன் வெறுங்கையோடு திரும்ப வேண்டும்?

முன்னோர் சிலர் இதில் நேர்மையோடு நடந்துள்ளனர். கொச்சியில் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீட் என்பவர் மலையாள நாட்டுத் தாவரங்களைப் பற்றி 'ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்' என்னும் பெருநூலைத் தொகுப்பித்தார். 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக அது ஆம்ஸ்டர்டாமில் அச்சாயிற்று. செடிகளின் மருத்துவப் பயன்களைச் சொன்ன இட்டி அச்சுதன் என்னும் நாட்டு வைத்தியரின் சான்றுரை அந்நூலிலேயே இடம்பெற்றது. முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அவ்வைத்தியரின் பெயர் அழியவில்லை. எழுதிவைத்ததால் நின்றது.

எழுதிவைப்பதன் வலிமையை மஞ்சளும் நமக்குக் கற்பித்தது. மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பதைப் புதிய கண்டுபிடிப்பெனக் கொண்டு 1995இல் அமெரிக்காவில் காப்புரிமை வழங்கினர். நம் நாட்டின் அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் பழைய நூல்களைச் சான்றாகக் காட்டி வழக்காடியது. 1997இல் அவ்வுரிமை நீக்கப்பட்டது. நம் பாட்டிமார் அனைவரும் அறிந்த செய்தியே ஆயினும், ஏட்டில் இருந்த சான்றே அங்கு எடுபட்டது.

இதனால் பாட்டி சொன்ன யாவும் சரி என்று நான் கூறவில்லை. நாட்டு மருந்து என்ற பெயரால் தவறான இலையைத் தின்று துன்புற்றவர்கள் உண்டு. கேட்டறிந்த இலையை நீங்களே உண்டு பார்க்கவும் கூடாது. நோயென்றால் மருத்துவரிடமே செல்ல வேண்டும். கேட்பதும் எழுதுவதும் உங்கள் வேலை. ஆராய்ந்து உண்மை காண்பது அதற்குரிய பயிற்சி பெற்றோரின் வேலை. ஆனால் எழுதாமல் மறைந்துபோன ஒன்றை எந்த ஆய்வுக்கூடமும் ஆராய முடியாது. கைப்பேசியில் தேடினால் எல்லாம் கிடைக்கும் என்று எண்ணாதீர்கள். உங்கள் ஊர் வேலியோரத்து இலைக்கு உங்கள் பாட்டி வைத்திருந்த பெயர் யாரேனும் பதிந்திருந்தால்தான் அங்கே கிடைக்கும்.

உங்களுள் பலர் ஊரை விட்டு நெடுந்தொலைவில் வாழ்கிறீர்கள். நானும் அவ்வாறே வாழ்கிறேன். விடுமுறைக்கு ஊர் செல்லும்போது எனக்குத் தோன்றும் அச்சம் ஒன்றுண்டு. ஒவ்வொரு முறையும் கேட்டறியத் தக்க முதியோரின் தொகை குறைந்திருக்கிறது. ஆகவே உங்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முறை ஊருக்குச் செல்லும்போது ஒரு குறிப்பேட்டை எடுத்துச் செல்லுங்கள். பாட்டி, தாத்தா, பனையேறும் மாமா, கீரை விற்கும் அக்கா என யாரிடமாவது ஒரு செடியைப் பற்றிக் கேளுங்கள். எழுதிக்கொள்ளலாமா என்று முதலில் ஒப்புதல் பெறுங்கள். வேண்டாம் என்றால் எழுதாதீர்கள். அதுவும் அவர்களுக்குரிய உரிமையே. ஒப்பினால், செடியின் பெயர், எப்பகுதி பயன்படுகிறது, எவ்வாறு பக்குவப்படுத்துகின்றனர், எதற்கு ஆகாது என்பவற்றை அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். இறுதியில் நாளையும், சொன்னவர் பெயரையும் எழுதுங்கள்.

அம்மாணவியின் தாள் இன்றும் என்னிடம் இருக்கிறது. ஐந்தாவது இடத்தில் இலையின் பெயர் இல்லை. அவ்வாறு ஒரு வெற்றிடம் உங்கள் ஏட்டில் நேராதிருக்கட்டும்.

சிந்தித்து எழுதுக

1. மரச்சீனியும் செங்காந்தளும் 'தாவரத்தோடு அறிவும் வேண்டும்' என்பதை எவ்வாறு விளக்குகின்றன?

2. காணிக்காரருக்குக் கிடைத்த பங்கு போதுமானது எனக் கருதுகிறீர்களா? உங்கள் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.

3. "மலையில் முளைப்பது அனைவருக்கும் பொது" என்பவருக்கும் இக்கட்டுரை ஆசிரியருக்கும் இடையே நிகழும் உரையாடலைப் பத்து வரிகளில் எழுதுக.

4. உங்கள் உறவினர் ஒருவரிடம் தொலைபேசியில் பேசி, ஒரு செடியைப் பற்றிய செய்தியை அவர் ஒப்புதலோடும் பெயரோடும் குறிப்பேட்டில் எழுதி வருக.