ஜாதிப் பூனையா, நாட்டுப் பூனையா?

நாய் என்றால் நம் தென் ஜில்லாக்களில் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி என்று வரிசையாகப் பெயர் சொல்லிவிடுவோம். பூனைக்கு? சாம்பல் பூனை, வரிப் பூனை, மூணு கலர் பூனை, அவ்வளவுதான்! ஆனால் இப்போது மதுரைக் கடைகளிலும் பெர்ஷியன் குட்டிகள் பஞ்சு மூட்டை மாதிரி உட்கார்ந்திருக்கின்றன. பிள்ளைகளும் செல்போனில் பார்த்துவிட்டு, "அம்மா, எனக்கு இதுதான் வேணும்" என்று அடம் பிடிக்கிறார்கள். ஆயிரக்கணக்கில் பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன்னால், எந்தப் பூனைக்கு என்ன குணம், அது நம் வீட்டுக்கும் நம் ஊர் வெயிலுக்கும் ஒத்துவருமா என்று பார்க்க வேண்டாமா?

சாதுவான பெர்ஷியன்

பெர்ஷியன் பரம சாது. திரைச்சீலையில் தொங்காது, அலமாரி மேலே தாவாது. பாதி நாள் ஒரே இடத்தில் படுத்துக் கிடக்கும். வயதானவர்கள் இருக்கிற அமைதியான வீட்டுக்கு நல்ல துணை. ஆனால் வேலை முழுக்க வீட்டு அம்மாவுக்குத்தான்! தினமும் சீப்பு எடுத்து வாரிவிடாவிட்டால் ரோமம் சடை பிடித்துவிடும். முகம் சப்பையாக இருப்பதால் கண்ணில் நீர் வடியும், துடைத்துவிட வேண்டும். சிலதுக்கு மூச்சு விடவே சிரமம். சிறுநீரகத்தில் நீர்க்கட்டி வருகிற பரம்பரை வியாதியும் இந்த இனத்தில் அதிகம்.

அழகர் ஆற்றில் இறங்குகிற சித்திரை மாதத்தில் நமக்கே நாக்கு வறண்டு போகிறது. கம்பளி போர்த்திக்கொண்டே பிறந்த ஜீவன் என்ன பாடுபடும்? வெயில் நேரத்தில் பூனை வாயைப் பிளந்து நாய் மாதிரி இளைத்தால் அலட்சியம் கூடாது. உடனே நிழலான, காற்றோட்டமான இடத்துக்குக் கொண்டுபோய், ஈரத் துணியால் உடம்பைத் துடைத்துவிட்டு, கால்நடை டாக்டரிடம் காட்டுங்கள்.

வாயாடிச் சயாமியப் பூனை

தாய்லாந்திலிருந்து வந்தது சயாமியப் பூனை. நீலக் கண், ஒல்லி உடம்பு. வாய் ஓயாது! அடுப்படியில் நாம் நின்றால் காலைச் சுற்றிக்கொண்டு கதை பேசும். வீட்டைப் பூட்டிக்கொண்டு எல்லாரும் வேலைக்குப் போகிற குடும்பத்துக்கு இது சரிப்படாது, தனிமையில் ஏங்கிப்போகும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. குட்டி பிறக்கும்போது வெள்ளையாகத்தான் இருக்கும். அப்புறம் உடம்பில் சூடு குறைவாக உள்ள காது, மூக்கு, பாதம், வால் மட்டும் கறுத்துவிடும்.

குணம் பிறப்பிலா, வளர்ப்பிலா?

2019-ல் ஃபின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தார் 5,700-க்கும் மேற்பட்ட பூனைகளின் குணங்களை ஒப்பிட்டு வெளியிட்டார்கள். புது ஆளைக் கண்டால் அதிகம் கூச்சப்படுவது ரஷ்யன் ப்ளூ. மனிதர்களிடம் ஒட்டாமல் விலகி இருப்பது பிரிட்டிஷ் ஷார்ட்ஹேர். இப்படி இனத்துக்கு இனம் வித்தியாசம் தெரிந்தது. ஆனாலும் குணத்தில் ஏறக்குறைய பாதிதான் பரம்பரையாம்!

மீதிப் பாதியில்தான் வளர்ப்புக்கு இடம் இருக்கிறது. பிறந்த 2-ஆவது வாரத்திலிருந்து 7-ஆவது வாரம் வரை தினமும் மனிதக் கை பட்டு வளர்ந்த குட்டி, எந்த இனமானாலும், பெரும்பாலும் நம்மோடு ஒட்டிக்கொள்ளும். அதற்காகத் தாயிடமிருந்து சீக்கிரமே பிரித்துவிடக் கூடாது. குறைந்தது 8 வாரமாவது தாயோடு இருக்கட்டும்.

நம்ம ஊர்ப் பூனை

நெல்பேட்டை மீன்கடை ஓரத்திலும், சுற்றுவட்டாரக் கிராமங்களில் வைக்கோல் போருக்குப் பின்னாலும் குட்டி போடுகிறதே, அந்த நாட்டுப் பூனைக்கு ரோமம் குட்டை, உடம்பு கச்சிதம். வெயில் அதற்குப் பழக்கம். சீப்பும் வேண்டாம், செலவும் குறைவு. எலிக்கும் பயமில்லை. யாரும் ஜோடி பார்த்துச் சேர்க்காத இனம் என்பதால் ஒரே ஈற்றில் நாலு குட்டி இருந்தால் நாலும் நாலு விதம். ஒன்று முரடு, ஒன்று பயந்தாங்கொள்ளி, ஒன்று மடியை விட்டே இறங்காது. அதனால் நிறம் பார்த்து எடுக்காதீர்கள். தரையில் உட்கார்ந்து விரலை நீட்டுங்கள். தானே வந்து மோந்து பார்த்து, உரசுகிற குட்டிதான் சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு ஏற்றது.

நிறம் என்றதும் ஒன்று. மூணு கலர் பூனை அநேகமாகப் பெட்டையாகத்தான் இருக்கும். செம்மஞ்சள் நிறத்தைத் தருவது பெண்ணுக்கு இரண்டும் ஆணுக்கு ஒன்றுமாக இருக்கிற எக்ஸ் குரோமோசோம். அதில் எந்த மரபணு இதற்குக் காரணம் என்பதை ஜப்பான், அமெரிக்க விஞ்ஞானிகள் தனித்தனியே கண்டுபிடித்து 2025-ல் வெளியிட்டார்கள்.

தாய்மார்கள் கவனத்துக்கு

"வயித்துப் பிள்ளைக்காரி இருக்கிற வீட்டுல பூனை ஆகாது" என்று மாமியார்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. பூனை மலத்தின் வழியாக டாக்சோபிளாஸ்மா என்ற கிருமி பரவி, கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கலாம். அதற்காகப் பூனையை விரட்ட வேண்டியதில்லை. மலம் கழிக்கும் மண் தட்டை வேறு யாராவது தினமும் சுத்தம் செய்யட்டும். அந்தக் கிருமி தொற்றும் பக்குவத்துக்கு வர ஒரு நாளாவது ஆகும். தோட்ட மண்ணைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கறியை நன்றாக வேகவையுங்கள், காய்கறிகளை நன்றாக அலசுங்கள்.

பூனை கடித்தாலோ பிறாண்டினாலோ மஞ்சள் பற்றுப் போட்டுவிட்டுச் சும்மா இருக்காதீர்கள்! ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வெறிநோய் நாயால் மட்டும் வருவதில்லை. பூனைக்கும் மூணு மாசத்தில் தடுப்பூசி போட வேண்டும்.

தயிர் சாதத்தை மட்டும் போட்டுப் பூனை வளர்க்க முடியாது. டாரின் என்ற சத்து மீனிலும் கறியிலும்தான் இருக்கிறது. அது குறைந்தால் கண் பார்வை போகும், இருதயம் கெடும். சைவ வீட்டார் கடையில் விற்கும் பூனை உணவை வாங்கிப் போடலாம். காய்ச்சல் என்று குழந்தைக்குக் கொடுக்கிற பாராசிட்டமால் பூனைக்கு விஷம், மறந்தும் கொடுக்காதீர்கள்.

ஒரு வார்த்தை

பெட்டைக் குட்டி ஐந்தாறு மாதத்திலேயே சினையாகிவிடும். இரண்டு மாதத்தில் ஈன்றுவிடும். அதற்குள் கருத்தடை ஆபரேஷன் செய்துவிட்டால் தெருவில் அனாதைக் குட்டிகள் பெருகாது. கடுவனுக்குச் செய்தால் ஊர் சுற்றலும், சண்டையும், சுவரில் மூத்திரம் அடிப்பதும் குறையும்.

வீட்டுக்குள் வளரும் பூனை 12, 15 வருஷம்கூட இருக்கும். பிள்ளையின் ஒரு வார ஆசைக்காக வாங்கிவிட்டு, பராமரிக்க முடியவில்லை என்று தெருவில் விட்டால், ஓடவும் வேட்டையாடவும் பழகாத பெர்ஷியன் பிழைப்பது கஷ்டம். குளிர்ச்சியான அறையும், தினம் வாரிவிட நேரமும், வைத்தியச் செலவுக்குப் பணமும் இருக்கிறவர்கள் தாராளமாக வாங்கட்டும். நம்மைப் போன்ற நடுத்தரக் குடும்பத்துக்கு, பக்கத்துத் தெருவில் ஈன்ற நாட்டுப் பூனையின் குட்டி ஒன்றே போதும். காசு மிச்சம், ஒரு ஜீவனுக்கு வீடும் கிடைத்த மாதிரி ஆச்சு!