எல்.எல்.ஆர். தேர்வுக்கு மனப்பாடம் போதுமா?

கோரமண்டல் லைன் வீடுகளில் பதினெட்டு வயது நிரம்பிய பிள்ளை இருந்தால், லைசென்ஸ் எப்போது எடுப்பது என்ற பேச்சு தானாகவே எழுந்துவிடுகிறது. சுரங்கத்துக்கு ஆள் எடுத்த காலம் மலையேறிவிட்டது. 2001 பிப்ரவரி 28-ஆம் நாளோடு பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. அதன் பிறகு தங்கவயல் மக்களில் பெரும் பகுதியினர் விடியுமுன் ரயிலேறி, பெங்களூருக்குப் போய்ப் பிழைத்து வருகிறார்கள். பட்டமும் பணமும் இல்லாதவனுக்கு அங்கே திறந்திருக்கும் கதவுகளில் ஒன்று ஓட்டுநர் வேலை. ஆட்டோவானாலும் காரானாலும் லாரியானாலும் அதற்கு முதற்படி எல்.எல்.ஆர். என்னும் பழகுநர் உரிமம்தான்.

அந்த முதற்படியை எப்படி ஏறுவது என்பதில்தான் நம் இளைஞர்களில் பலர் தவறு செய்கிறார்கள்.

குறுக்கு வழி

கேள்வி பதில் தொகுப்பு ஒன்றை வைத்துக்கொண்டு, பொருள் தெரியாமலே விடைகளை உருப்போடுவது ஒரு வழக்கம். "எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லும் இடைத்தரகரிடம் பணத்தைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பது இன்னொரு வழக்கம். ஆதார் வழியாக வீட்டிலிருந்தபடியே தேர்வு எழுத 2021-இல் மத்திய அரசு வழிவகுத்தது. ஒரு நாள் கூலியை இழந்து அலுவலக வாசலில் காத்துக் கிடப்போருக்கு இது நல்ல ஏற்பாடு என்பதில் ஐயமில்லை. ஆனால், வீட்டில் எழுதும் தேர்வுதானே என்று பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்துப் பதில் கேட்டு எழுத நினைப்போரும் உண்டு. இதில் ஏமாறுவது அரசாங்கம் அல்ல. நாளை வண்டியின் முன் இருக்கையில் உட்காரப் போகிறவனே ஏமாறுகிறான்.

அப்படி என்னதான் கேட்கிறார்கள்? 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 11-ஆவது விதி இதைத் தெளிவாகச் சொல்கிறது. சாலைக் குறிகள், சைகைகள், சாலை விதிகள் ஆகியவை முதலாவது. விபத்தில் யாருக்காவது காயமோ உயிரிழப்போ நேர்ந்தால் ஓட்டுநரின் கடமை என்ன என்பது அடுத்தது. ஆளில்லாத ரயில்வே கேட்டைக் கடக்கும்போது கொள்ள வேண்டிய எச்சரிக்கை, வண்டியில் வைத்திருக்க வேண்டிய ஆவணங்கள் ஆகியவை மற்றவை. இவற்றில் எது தேவையற்றது என்று யாராவது சொல்ல முடியுமா?

மணியோசையில் உயிர்

குறிப்பறிவது என்றால் என்ன என்பதை மற்ற ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியிருக்கலாம். தங்கவயல்காரர்களுக்கு வேண்டியதில்லை. சாம்பியன் ரீப் சுரங்கம் பூமிக்கடியில் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் கொண்டது. அந்த ஆழத்துக்கு ஆட்களை இறக்கிய கூண்டு மணியோசைக்குக் கட்டுப்பட்டே ஓடியது. மேலே இயந்திரத்தை இயக்குகிறவருக்குக் கீழே நடப்பது கண்ணுக்குத் தெரியாது. எத்தனை மணி அடித்தால் என்ன பொருள் என்ற அறிவு ஒன்றே இருவருக்கும் பாலம். எண்ணிக்கையில் பிசகினால் உயிர் போகும். அதனால்தான் கூண்டு இயந்திரத்தை ஓட்டுகிறவருக்கும், பாறைக்கு வெடி வைக்கிறவருக்கும் தகுதிச் சான்றிதழ் வேண்டும் என்று சட்டம் வைத்தார்கள்.

பாட்டனும் தந்தையும் இருட்டில் மணியை எண்ணிப் பிழைத்த ஊரில், பேரன் பட்டப்பகலில் பலகையைப் பார்த்தும் பொருள் தெரியாமல் வண்டி ஓட்டலாமா?

"தேர்வு வெறும் சடங்கு, ஓட்ட ஓட்டத் தானே பழகிவிடும்" என்பார் சிலர். அனுபவம் கற்றுக் கொடுக்கும் என்பது உண்மையே. ஆனால் சாலையில் அது வாங்கும் கட்டணம் பெரிது. 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டார்கள் என்பது மத்திய அரசின் கணக்கு.

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். லாரி, டாக்சி போன்ற வாடகை வண்டிகளை ஓட்ட எட்டாம் வகுப்பு படித்திருக்க வேண்டும் என்ற விதி 2019-இல் நீக்கப்பட்டது. படிப்பைப் பாதியில் விட்ட ஏழைப் பிள்ளைக்கும் பிழைப்பு வேண்டும் என்பதே அதன் நோக்கம். தங்கவயலுக்கு இது பெரிய உதவி. பள்ளிச் சான்றிதழ் என்ற சல்லடை போய்விட்டதால், இந்தத் தேர்வின் பொறுப்பு முன்னிலும் கூடியிருக்கிறது.

எப்படிப் படிப்பது?

படிப்பது கடினமும் அல்ல. சாலைக் குறிகளுக்கு மொழி இல்லை, வடிவம்தான் உண்டு. வட்டம் என்றால் பெரும்பாலும் கட்டளை. முக்கோணம் என்றால் எச்சரிக்கை. நீள்சதுரம் என்றால் தகவல். எட்டு மூலை என்றால் நில். தலைகீழ் முக்கோணம் என்றால் வழிவிடு. இந்த ஐந்தையும் மனத்தில் பதித்துக்கொண்டால் பாதிப் பலகைகள் தாமே பேசும். ராபர்ட்சன்பேட்டைக்குப் பஸ்ஸில் போகும்போதே ஒவ்வொரு பலகையாகப் பார்த்துப் பொருள் சொல்லிப் பழகலாம்.

கேள்விகளோ கன்னடத்தில் அல்லது ஆங்கிலத்தில் வரும்போது தடுமாற்றம் உண்டாகிறது. கன்னடம் சரளமாகப் பேசுவார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. நில்லி, எடக்கெ, பலக்கெ, நிதானவாகி போன்ற சொற்களை எழுத்திலும் அறிந்துகொள்வது தேர்வுக்கு மட்டுமல்ல, பிழைப்புக்கும் உதவும். வாழும் மாநிலத்தின் எழுத்தைக் கற்பதால் தாய்மொழிக்கு ஒரு குறைவும் வந்துவிடாது.

விபத்துக் கடமையை மட்டும் எவரும் மறக்கலாகாது. அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்ய வேண்டும். நடந்ததைக் காவல் நிலையத்தில் விரைவில், எப்படியும் 24 மணி நேரத்துக்குள், தெரிவிக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆவது பிரிவு. பயந்து ஓடிப்போகிறவன் ஓர் உயிரைக் கைவிடுகிறான். தன் வாழ்வையும் கெடுத்துக்கொள்கிறான்.

ஊர்ப் பெரியவர்களுக்கும் இதில் கடமை உண்டு. பல ஆண்டுகள் விபத்தின்றி வண்டி ஓட்டிய மூத்த ஓட்டுநர்கள் கோரமண்டலில் இல்லாமலில்லை. சங்கக் கட்டடத்திலோ படிப்பகத்திலோ இரண்டு வாரம், மாலையில் அரை மணி நேரம் அவர்கள் வந்து சொல்லிக் கொடுத்தால் போதும். இடைத்தரகருக்குப் போகும் பணம் வீட்டில் மிஞ்சும்.

தேர்வில் நூற்றுக்கு அறுபது வாங்கினால் எல்.எல்.ஆர். கைக்கு வந்துவிடும். சாலையோ நூற்றுக்கு நூறு கேட்கும். அதற்கும் சேர்த்துப் படிப்பதே தங்கவயல் பிள்ளைகளுக்கு அழகு.