இன்னும் எத்தனை வாய்தா?

2020 ஜூலை 1-ஆம் தேதி ஈரானிலிருந்து தூத்துக்குடிக்கு ஒரு கப்பல் வந்தது. அதில் வந்த 687 பேரில் என் அக்கா மகனும் ஒருவன். மீன்பிடி வேலைக்குப் போனவன். பிப்ரவரிக் கடைசியில் கொரோனாவால் விமானம் நின்றுபோனதும் கிஷ் தீவில் படகோடு படகாக நான்கு மாதம் கிடந்தான். அக்கா ராத்திரி ஜெபமாலை சொல்லி முடித்ததும் எனக்கு போன் போடுவாள். "தம்பி, கப்பல் விடுதாங்களாமே, நெசமா?" ஒவ்வொரு நாளும் அதே கேள்விதான்.

விட்டார்கள். பந்தர் அப்பாஸ் துறைமுகத்திலிருந்து ஐ.என்.எஸ். ஜலாஷ்வா ஏற்றிக்கொண்டு வந்தது. ஊரடங்கு நேரம், துறைமுகம் பக்கம் எங்களை விடவில்லை. பரிசோதனை முடித்து பஸ்ஸில் ஏற்றிய பிறகுதான் பேசினான். "கப்பல் ரொம்பப் பெருசு மாமா. ஆனா பழசு. பெயின்ட்டுக்கு மேல பெயின்ட் அடிச்சு அடிச்சு, கைப்பிடிக் கம்பியெல்லாம் மெழுகுதிரி கணக்கா தடிச்சுக் கெடக்கு."

படகிலேயே வளர்ந்தவன் கண் தப்பாது. அந்தக் கப்பல் 1971 மார்ச்சில் அமெரிக்கக் கடற்படையில் 'டிரென்டன்' என்ற பெயரில் சேர்ந்தது. முப்பத்தாறு வருஷம் அவர்கள் ஓட்டியதை நாம் ஏறக்குறைய 4 கோடியே 80 லட்சம் டாலருக்கு வாங்கி, 2007 ஜூனில் ஜலாஷ்வா என்று பெயர் வைத்தோம். வாங்கியதைக் குற்றம் சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் என் அக்கா மகன் எப்போது ஊர் வந்திருப்பானோ! அதன் பிறகு அந்த மாதிரிக் கப்பல் ஒன்றைக்கூட நாமே கட்டவில்லையே, அதுதான் வயிறு எரிகிறது.

இப்படி ஒரு கப்பல் எதற்கு வேண்டும் என்று கேட்பவர்கள் 2004 டிசம்பர் 26-ஐ நினைத்துப் பார்க்கட்டும். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போனார்கள். நிக்கோபார் தீவுகளில் படகுத் துறைகளே உடைந்துபோயின. அரிசியும் மருந்தும் கொண்டுபோகிற கப்பல் எங்கே கட்டி நிற்கும்? அந்த மாதிரி இடத்துக்குத்தான் இந்தக் கப்பல். எல்.பி.டி. என்பார்கள். பின்பக்கம் ஒரு பெரிய கதவு. உள்ளே ஒரு குளம் போலத் தொட்டி. கப்பலின் வேறு தொட்டிகளில் கடல்நீரை நிரப்பி அதன் பின்பாகத்தைத் தாழ்த்துவார்கள். கதவு திறந்ததும் உள்ளே தண்ணீர் ஏறும், அங்கே நிற்கும் தரையிறக்கப் படகுகள் மிதந்து வெளியே வரும். ஜீப், ஆட்கள், தண்ணீர் கேன் எதுவானாலும் நேரே மணலில் இறக்கலாம். மேல்தளத்தில் ஹெலிகாப்டர். சண்டைக்கென்று கட்டிய கப்பல்தான். அந்தமானும் லட்சத்தீவும் வைத்திருக்கிற நாட்டுக்கு அந்தத் தேவையும் குறைவில்லை.

சுனாமியில் பட்ட பாட்டுக்குப் பிறகு, உடனே கிடைக்கிறதே என்று பழைய கப்பலை வாங்கினோம். அதன் நிலையைச் சரியாகப் பார்க்காமல் அவசரப்பட்டு வாங்கினார்கள் என்று 2008-ல் தணிக்கை அறிக்கை குறை சொன்னது. அந்த வருஷம் பிப்ரவரியில் கப்பலுக்குள் விஷவாயு கசிந்து ஒரு அதிகாரியும் ஐந்து மாலுமிகளும் இறந்தார்கள். புதுக் கப்பல்களுக்கு அன்றைக்கே வேலையைத் தொடங்கியிருக்க வேண்டாமா?

நான்கு எல்.பி.டி. வேண்டும் என்று 2011-ல் கப்பல் கட்டும் நிறுவனங்களிடம் விவரம் கேட்டார்கள். 2013-ல் டெண்டர். அப்புறம் வாய்தா மேல் வாய்தா. கடைசித் தேதி வரும், தள்ளிப்போகும், மறுபடி வரும், மறுபடி தள்ளிப்போகும். போட்டிக்கு அழைத்த மூன்று தனியார் நிறுவனங்களில் இரண்டு கடனில் மூழ்கித் திவாலாகும் வரை இது நடந்தது. கடைசியில் 2020-ல் டெண்டரையே ரத்து செய்துவிட்டார்கள். அதே 2020-ல்தான் ஜலாஷ்வாவும் மூன்று சிறிய தரையிறக்கக் கப்பல்களும் சேர்ந்து 55 நாளில் 3,992 பேரைக் கரைசேர்த்தன. தூத்துக்குடிக்கு மட்டும் ஜலாஷ்வா மூன்று நடை வந்தது. கொழும்பு, மாலே, ஈரான், நடைக்கு எழுநூறு பேர் போல. கண்ணெதிரே இவ்வளவும் நடக்கிறது, அந்தப் பக்கம் கோப்பு மூடுகிறது. எப்படித்தான் மனசு வந்ததோ.

2021 ஆகஸ்டில் மறுபடி முதலிலிருந்து விவரம் கேட்டார்கள். வேண்டும்தான் என்று பாதுகாப்புத் தளவாடக் கொள்முதல் குழு ஒப்புதல் கொடுத்தது 2025 அக்டோபரில். அதற்குள், 2020-ல் ஆட்களைக் கரைசேர்த்த நான்கு கப்பல்களில் ஒன்றான ஐ.என்.எஸ். மகர், முப்பத்தாறு வருஷம் உழைத்துவிட்டு 2023 மே மாதம் ஓய்வுக்குப் போய்விட்டது.

சீனாவும் தன் முதல் எல்.பி.டி.யைக் கடற்படையில் சேர்த்தது அதே 2007-ல்தான். நாம் வாங்கினோம், அவர்கள் கட்டினார்கள். இன்று அந்த ரகத்தில் எட்டு வைத்திருக்கிறார்கள். அதைவிடப் பெரிய, நாற்பதாயிரம் டன் அளவுள்ள ரகத்தில் முதல் கப்பலை 2021 ஏப்ரலில் சேர்த்து, 2022 முடிவதற்குள் இன்னும் இரண்டையும் சேர்த்துவிட்டார்கள். அவர்கள் பணமும் தளங்களும் நம்மிடம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். எட்டு கேட்கவில்லை. ஒன்று?

கட்டத் தெரியாது என்று மட்டும் யாரும் சொல்லக் கூடாது. நாற்பதாயிரம் டன்னுக்கு மேற்பட்ட விக்ராந்தைக் கொச்சியில் கட்டி 2022-ல் கடற்படையில் சேர்த்தோமே. சென்னைக்குப் பக்கத்தில் காட்டுப்பள்ளியில் பெரிய தளம் இருக்கிறது. வெல்டர் இருக்கிறார், இன்ஜினியர் இருக்கிறார். கையெழுத்துத்தான் இல்லை. வருஷக்கணக்கில் ஆர்டர் வராமல் கிடந்தால் கைதேர்ந்த ஆள் வளைகுடாவுக்குப் போய்விடுவான். எங்கள் ஊரில் படகு கட்டுகிறவரிடம் கேட்டால்கூட இதைச் சொல்வார்.

என் அக்கா மகன் திரும்பவும் கடல் தாண்டித்தான் வேலை பார்க்கிறான், இப்போது பஹ்ரைனில். அந்தப் பக்கம் ஏதாவது பதற்றம் என்று செய்தி வந்தால் அக்கா போன் போட்டுவிடுவாள். "கப்பல் விடுவாங்கல்லா?" விடுவார்கள் அக்கா என்கிறேன். ஆனால் இன்றைக்கே ஒப்பந்தம் போட்டாலும் முதல் கப்பல் தண்ணீரில் இறங்கப் பல வருஷம் ஆகும். அதுவரை, அறுபதை நெருங்கிக்கொண்டிருக்கும் அந்த ஒன்றுக்குத்தான் இன்னும் ஒரு கை பெயின்ட் அடிப்பார்கள்.